வேலி தாண்டிய மஞ்சட்கரு

ஜுனைதாவின் வாயில் "இல்லை" என்ற சொல்லுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. அவளுடைய கல்யாணத்தன்று சம்மதம் கேட்கத் தகப்பன் அறைக்குள் வந்தார். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு, மூன்று தரம் கேட்கவைத்து, பக்கத்திலிருப்பவள் தொடையில் கிள்ளிய பிறகு முணுமுணுப்பதுதான் கல்முனைக்குடியில் முறை. தகப்பன் "மகள், உனக்குச்..." என்று தொண்டையைச் செருமும்போதே, "ஓம் வாப்பா!" என்ற சத்தம் பந்தல்வரை கேட்டது. பந்தலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கச்சிமுகம்மது திடுக்கிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இருபது வருசமாகப் போகிறது, அந்தத் திடுக்கம் இன்னும் அவர் முகத்தைவிட்டு முழுதாக இறங்கவில்லை.

ஒழுங்கையில் யாருக்காவது உரல் வேண்டுமா? ஓம். பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா? ஓம். மா அரிக்க அரிதட்டு? ஓம், கொண்டு போங்க. அரிதட்டு முதல்நாளே வேறு வீட்டுக்குப் போயிருக்கும். அதைத் தேடி ஜுனைதா மூன்று வீடு ஏறி இறங்கி, கடைசியில் நாலாவது வீட்டில் இரவல் வாங்கிக் கேட்டவளுக்குக் கொடுப்பாள். தன் பொருளை இரவல் கொடுப்பதற்காகப் பிறத்தியாரிடம் இரவல் வாங்கிய மனுசி கிழக்குக் கரையில் அவள் ஒருத்திதான்.

அவளிடம் இல்லாமற் போகாத பொருள் ஒன்றிருந்தது. முட்டை. கோழிக்கூட்டை அடுப்படிச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தாள். மாரி மழையில் ஊர்க் கோழியெல்லாம் இறகை உப்பிக்கொண்டு, முட்டை என்றால் என்ன என்று கேட்கும் முகத்தோடு நிற்கும்போது, ஜுனைதாவின் கோழிகள் அடுப்புச் சூட்டில் முதுகு காய்ந்து, நெத்தலித் தலையைக் கொத்தித் தின்று, கடமை தவறாமல் இட்டன. அதனால் மார்கழியில் அவளுடைய வாசலுக்கு மரியாதை கூடும். சண்டைபிடித்துக் கதைக்காமல் இருந்தவளும் வந்து "ஜுனைதா, சுகமா?" என்பாள்.

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் யூஜினியின் வீடு. கணவர் யாகோப்பு தபால் கந்தோரில் வேலை. கத்தோலிக்க வீடு, உயர்ந்த அத்திவாரம், முன்பக்கம் கல்லில் கட்டியது. கிறிஸ்து பிறந்த நத்தார் பெருநாளுக்கு யூஜினி செய்யும் ரவைக் கேக் அந்த ஒழுங்கையின் சொத்து. நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் ஊறவைத்து, மரமுந்திரிகைப் பருப்பை அரிந்து, ஏலமும் கறுவாவும் பன்னீரும் சேர்த்து, முட்டை மஞ்சட்கருவைக் கை ஓயுமட்டும் அடித்து, மணல் போட்ட தாச்சிக்குள் தட்டை இறக்கி, மேலே தகரத்தில் தணல் பரப்பி, கீழ் நெருப்பும் மேல் நெருப்புமாக வேகவைப்பாள். அது வேகும் நேரம் ஒழுங்கையில் போகிறவர்களின் நடை தானாகவே குறையும்.

அந்தக் கேக்குக்கு முட்டை ஜுனைதா வீட்டது. கேக்கில் பிராந்தி விடுவதை யூஜினி பல வருசத்துக்கு முந்தியே நிறுத்திவிட்டாள், முட்டை தந்த வீடு சாப்பிட வேண்டுமே என்று. "கேக்கும் தொப்பி போட்டுட்டு" என்று யாகோப்பு மனவருத்தப்பட்டார். ஆனாலும் கேக்குக்கென்று வாங்கும் அரைப் போத்தல் பிராந்தியை மட்டும் அவர் வழக்கம் தவறாமல் வாங்கிவந்தார். அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய பாட்டு பதில் சொன்னது.

போன மாரி வெள்ளத்தோடு இந்த முட்டை விவகாரம் வேறு கட்டத்துக்குப் போயிற்று. ஜுனைதா வீட்டு அடுப்புக்குள் தண்ணீர் ஏறியபோது, குடும்பம், பாய், பெட்டகம், கோழி எல்லாம் யூஜினியின் உயர்ந்த வீட்டுக்குள் ஏறின. ஒரு சிவத்த கோழி நேரே பாலன் குடிலுக்குள் போய், இடையர்களைத் தள்ளிவிட்டு, மாதாவுக்குப் பக்கத்தில் வைக்கோலில் இருந்து முட்டை இட்டது. ஜுனைதாவுக்கு உயிர் போய்விட்டது. யூஜினியோ குனிந்து பார்த்துச் சொன்னாள்: "பேசாம இரு புள்ள. ராசாக்கள் மூண்டு பேரும் வந்துசேர முந்தி உன்ர கோழி காணிக்கை வச்சிட்டுது."

அன்று ஜுனைதா மனதுக்குள் ஒரு நேர்ச்சை வைத்தாள். அல்லாஹ் கோழியைத் தருமட்டும், நத்தார் முட்டை யூஜினியக்காவுக்கு.

ஆகவே இந்த வருசம் ஐப்பசி கடைசியில் யூஜினி வேலிக்கு மேலால் எட்டி, "ஜுனைதா, முட்டை?" என்றபோது, "ஓம்!" என்றாள். அதில் பிழையில்லை.

பிழை மூன்று கிழமைக்குப் பிறகு, பாலமுனையிலிருந்து வந்தது. மூத்த மகள் நபீலாவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை மீராமுகைதீன். பள்ளிக்கூட வாத்தியார். நபீலா அவரை ஒரு கல்யாண வீட்டில் கதவிடுக்கால் பார்த்திருந்தாள். அதன்பிறகு இரண்டு நாள் சோற்றுக்கு உப்புப் போட மறந்தாள். மாப்பிள்ளையின் தாய் ஹாஜறா சொல்லியனுப்பியிருந்தார்: "கடற்கரைப் பள்ளிக் கொடி பாக்க வருவம். கந்தூரியண்டு அசறுத் தொழுகைக்குப் பிறகு உங்கிட வீட்டுக்கும் வருவம். உங்கிட கோழி முட்டை பேர்போனதாமே, அதுல ஒரு வட்டலப்பம் திண்டு பாக்கோணும்."

"ஓம்!" என்றாள் ஜுனைதா.

செய்தி கொண்டுவந்தவர் போய், கோழிக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. பிறை பார்த்து வரும் பள்ளிவாசல் கந்தூரி விருந்து, முப்பது சொச்சம் வருசத்துக்கு ஒருமுறைதான் நத்தாரோடு தோள் உரசும். அந்த ஒருமுறை இதுதான். கந்தூரி நாள் நத்தாருக்கு முதல் நாள். வட்டலப்பம் என்பது முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிப்பது; கேக்கைப் போல அதுவும் முட்டையைத் தின்னும். ஒரே கூடு, ஒரே கோழிகள், ஒரே முட்டை, இரண்டு ஓம்.

அதற்குமேல் மழையும் பிடித்துக்கொண்டது. ஒழுங்கையோ கொண்டாட்டத்தில் துள்ளியது. கடற்கரையில் மிட்டாய்க் கடையும் வளையல் கடையும் முளைத்தன. றபான் கொட்டும் சத்தம் அலைச் சத்தத்தோடு போட்டிபோட்டது. யாகோப்பு மூங்கிலில் நட்சத்திரக் கூடு கட்டி, அது ஒரு பக்கம் சரிந்து நின்று தேங்காய்த் துருவலை போல் இருந்தாலும், "கிழக்கில இருந்து பாத்தா சரியாத் தெரியும்" என்று சாதித்தார். எல்லா வீட்டிலும் மா இடிக்கும் சத்தம். எல்லா வீட்டுக்கும் முட்டை தேவை. ஜுனைதா மட்டும் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து கோழிகளோடு கதைத்தாள்.

"இஞ்ச பாருங்க புள்ளைகாள், எண்ட மானம் ஒங்கிட கையில இரிக்கி."

கோழிகளுக்குக் கை இல்லாதபடியால் அவை பொறுப்பெடுக்கவில்லை. இட்டவை ஒரு வீட்டுக்குப் போதும். இரண்டு வீட்டுக்கு எப்படிப் புரட்டினாலும் காணாது.

"இஞ்ச, நபீலாட வாப்பா! மாவடிப்பள்ளிக்கு ஒருக்காப் போய்வாங்க. வயல்காரர் வீட்டுல முட்டை இரிக்கும்."

கச்சிமுகம்மது தன் புடவைக் கடையைப் பூட்டிவிட்டு, சயிக்கிளில் போனார். தாம்போதிப் பாதைக்கு மேலால் தண்ணீர் பாய, சயிக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்து, பின்னேரம் நனைந்த கோலத்தில் வந்துசேர்ந்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு தாரா வாத்து.

"என்ன இது?"

"முட்டை இல்லையாம் புள்ள. அதான், முட்டை போடுறதுகளைத் தந்தாங்க."

"எப்ப போடுமாம்?"

"தை கடைசியில எண்டாங்க."

ஜுனைதா தாராக்களைப் பார்த்தாள். தாராக்கள் ஜுனைதாவைப் பார்த்தன. இரண்டும் ஆண் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதைக் கச்சிமுகம்மதுவிடம் சொல்லும் பொறுப்பை அவள் அல்லாஹ்வுக்கு விட்டாள்.

கந்தூரிக்கு முதல் நாள் காலை, அவள் முட்டையையெல்லாம் பெரிய கோப்பையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு, வேலியிலிருந்த கடப்பால் நுழைந்தாள். நேர்ச்சையை முழுதாக முறிக்க மனம் வரவில்லை. அரைவாசியைக் கேட்டு எடுக்கலாம் என்று நினைத்தாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள்: யூஜினியக்கா, குறை நினைக்காதீங்க, இந்த முறை பாதிதான். கடப்பு தாண்டுவதற்குள் மூன்று முறை ஒத்திகை. நல்லாத்தான் வந்தது.

யூஜினியின் அடுப்படி ஏலவாசத்தில் மிதந்தது. ரவை வறுத்தாயிற்று, பூசணி அரிந்தாயிற்று, தாச்சியில் மணல் சுடுகிறது. யூஜினி நிமிர்ந்தாள். முகத்தில் வேர்வையும் சந்தோசமும்.

"வந்திட்டியா புள்ள! உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். எல்லாம் எனக்குத்தானே?"

"ஓம்" என்றது வாய்.

யூஜினி உடனே உடைக்கத் தொடங்கினாள். டக், டக் என்று ஒவ்வொரு முட்டையும் இரண்டாகப் பிளந்தது. மஞ்சள் ஒரு சட்டிக்கு, வெள்ளை ஒரு சட்டிக்கு. மகளின் கல்யாணம் தன் கண் முன்னால் ஓட்டோடு உடைவதை ஜுனைதா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் சேர்ந்து மஞ்சள் அடித்தாள். வேறென்ன செய்வது?

வீட்டுக்குத் திரும்பும்போது யூஜினி கோப்பையை வெறுமையாகக் கொடுக்கவில்லை. வந்த பாத்திரம் வெறும் பாத்திரமாகத் திரும்பக்கூடாது என்பது வேலிக்கு இரண்டு பக்கமும் உள்ள சட்டம். கேக்கில் இன்னும் கத்தி படவில்லை. பாலன் பிறந்து நடுச்சாமப் பூசை முடியாமல் படவும் படாது. அந்த வீட்டில் அது யூஜினியின் தாய்க்குத் தாய் காலத்துக் கட்டளை. ஆகவே கைக்குக் கிடைத்ததை நிரப்பிக் கொடுத்தாள்.

கோப்பை நிறைய வெள்ளைக்கரு.

ஜுனைதா அதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். முட்டைதானே? அரைவாசி என்றாலும் முட்டை முட்டைதான். நிறமா? கித்துள் கருப்பட்டி போட்டால் எல்லாம் ஒரு நிறந்தான். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. கேட்க வந்ததும் அரைவாசிதான், கிடைத்ததும் அரைவாசிதான். என்ன, பிரித்த விதம் கொஞ்சம் வேறு.

"உம்மா, இது சரி வருமா?" என்றாள் நபீலா, கோப்பையை எட்டிப் பார்த்து.

"ஓம்!"

கந்தூரியன்று அசறுக்குப் பிறகு ஹாஜறா வந்தார். மழை விட்டு வெயில் அடித்தது. தெருவெல்லாம் சந்தனமும் நெய்ச்சோறும் மணத்தது. பாலமுனையில் பத்து வீட்டு வட்டலப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்று, எது யார் செய்தது என்று சொல்லிவிடுவார் என்று பேர் அவருக்கு. புதுப்பாய் விரித்து, வெற்றிலைத் தட்டம் வைத்து, வட்டலப்பம் வந்தது. பார்க்க நல்லாத்தான் இருந்தது. மேலே மரமுந்திரிகைப் பருப்புக்கூடப் பதித்திருந்தது.

ஹாஜறா கரண்டியால் அமுக்கினார். வட்டலப்பம் அமுங்கி, திரும்ப எழும்பியது. இன்னொரு தரம் அமுக்கினார். திரும்பவும் எழும்பியது. வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் நபீலாவின் வளையல் சத்தம் நின்றது.

"மச்சி," என்றார் கடைசியில் ஜுனைதாவிடம், "இது வட்டலப்பமா, சயிக்கிள் டயரா?"

மிச்சத்தைக் கரண்டியால் கிண்டிப் பார்த்தார்.

"இதுல மஞ்சக்கரு எங்ககா?"

கச்சிமுகம்மது முந்திக்கொண்டார். "மாரி மழைதானே மச்சி... கோழி நனைஞ்சி, உள்ளுக்க மஞ்சள் கரைஞ்சி போயிரிக்கும்."

ஹாஜறா அவரைப் பார்த்த பார்வையில், அந்தப் பழைய கல்யாணத் திடுக்கம் அவர் முகத்துக்கு முழுதாகத் திரும்பி வந்தது.

ஜுனைதா முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். வெள்ளம், குடில், சிவத்த கோழி, நேர்ச்சை, இரண்டு ஓம், கோப்பை நிறைய வெள்ளைக்கரு. ஒன்றும் மறைக்கவில்லை. தாரா இரண்டையும்கூடச் சொன்னாள்.

"அப்பிடியெண்டா," என்றார் ஹாஜறா மெதுவாக, "கோழி ஒங்கிட. மஞ்சள் அயல்வீட்டுக்கு. வெள்ளை எனக்கா?"

கிடுகு வேலிக்குக் காது உண்டு. அந்தக் காது யூஜினியுடையது. ஹாஜறா சொன்னது முழுவதும் அந்தப் பக்கத்து அடுப்படியில் தெளிவாகக் கேட்டது. வெள்ளைக்கரு எதற்குப் போனது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்தாள். கத்தியைத் தேடினாள்.

"என்ன செய்யிறாய்? பாலன் பிறக்க முந்தியா?" என்று யாகோப்பு சத்தம்போடுவது இந்தப் பக்கமும் கேட்டது.

"பாலனுக்கு நான் பதில் சொல்லுறன். நீங்க அந்தப் பூப்போட்ட தட்டைத் தாங்க!"

அடுத்த நிமிசம் கடப்பால் நுழைந்து வந்தாள் யூஜினி. கையில் தட்டு. தட்டில் மேல் கறுத்து, உள்ளே பொன்னாக ரவைக் கேக். பன்னீர் வாசம் அவளுக்கு முன்னாலேயே வந்து பாயில் உட்கார்ந்தது.

"மன்னிக்கோணும் ராத்தா," என்று ஹாஜறாவின் முன் தட்டை வைத்தாள். "நீங்க கேட்ட மஞ்சக்கரு இதுக்குள்ளதான் கிடக்கு."

ஹாஜறா தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சாராயம் கீராயம் ஏதும்?"

"ஒரு சொட்டும் இல்ல. அதெல்லாம் எங்கட மனிசனுக்குள்ள போயிட்டுது."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

ஹாஜறா ஒரு துண்டு எடுத்தார். கண்ணை மூடினார். மென்றார். கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவது துண்டுக்குக் கை தானாகப் போனது. மூன்றாவதற்குக் கேக்கோடு வட்டலப்பத்திலும் ஒரு விள்ளல் சேர்த்து வாயில் போட்டார். எல்லாரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

"ம்," என்றார். "இப்பதான் முழு முட்டை."

யூஜினிக்குச் சிரிப்பு வெடித்தது. கச்சிமுகம்மது சிரிக்கலாமா என்று எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஹாஜறா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி மச்சி. கேக்கு நல்லாத்தான் இரிக்கி. ஆனா ஒரு கதை. சம்பந்தம் எண்டு வந்தா, வாற வருசத்தில இருந்து இந்த முட்டை வெளியால போகப்படாது. எங்கிட மருமகள்ர வீட்டுக் கோழி, எங்களுக்குத்தான். என்ன சொல்றீங்க?"

கச்சிமுகம்மது தலையைக் குனிந்தார். என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். திரைச்சீலை அசைந்தது. யூஜினி, "பரவாயில்ல புள்ள, சொல்லு..." என்று தொடங்கினாள்.

ஜுனைதா வாயைத் திறந்தாள். ஓம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. வெள்ளத்தண்ணீரும், குடில் வைக்கோலும், தான் ஈரச்சேலையோடு நடுங்கி நின்றபோது தோளில் விழுந்த யூஜினியின் போர்வையும் அதற்குக் குறுக்கே வந்து நின்றன.

"இல்ல," என்றாள்.

சொன்ன அவளே திரும்பிப் பார்த்தாள், யார் சொன்னதென்று.

"இல்ல மச்சி. நத்தார் முட்டை யூஜினியக்காட. அது நேர்ச்சை. ஒங்களுக்கு வட்டலப்பத்துக்கு வருசத்தில மத்த எல்லா நாளும் தாறன். இது ஏலா."

கடற்கரையில் றபான் சத்தம் ஓங்கி அடித்தது. ஹாஜறா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆறுதலாகச் சுண்ணாம்பு தடவினார்.

"அல்ஹம்துலில்லா," என்றார். "நான் பயந்து போயிருந்தன் மச்சி. ஒங்கிட ஓமைப் பத்திப் பாலமுனை வரைக்கும் பகிடி. கேட்டவங்களுக்கெல்லாம் ஓம் சொல்ற மனுசி எனக்கும் ஓம் சொன்னா, அந்த ஓமை நான் எந்தப் பெட்டகத்துல வைக்கிற? இல்ல எண்டு ஒண்டு ஒங்கிட்ட இரிக்கா எண்டு பாத்தன். இரிக்கி." வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். "இப்ப கேக்கன். எண்ட மகனை ஒங்கிட வீட்டுக்கு எடுப்பீங்களா?"

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் அந்தக் கரையின் முறை. கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான், ஜுனைதா மாதக்கணக்காகக் காத்திருந்த கேள்வியும் அதுதான். ஆனால் இப்போது அவளுக்குப் புதுப் பழக்கம் ஒன்று பிடித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலைக் கனமாக்கினாள்.

"அது... நபீலாட்ட ஒருக்காக் கேட்டுத்தான் சொல்..."

"ஓம் உம்மா!" என்றது திரைச்சீலை.

சத்தம் வேலிக்கு அப்பால் யாகோப்பு வரை கேட்டிருக்க வேண்டும். "என்ன, பாலன் பிறந்திட்டாரா?" என்று அங்கிருந்து குரல் வந்தது. கச்சிமுகம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு அந்த வீட்டில் நடந்த அமளியைச் சொல்லி முடியாது. யூஜினி நபீலாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பூப்போட்ட தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது என்று கந்தூரிச் சோறு மலையாகக் குவிந்தது. நபீலா தேத்தண்ணீருக்குச் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டாள். ஹாஜறா அதைக் குடித்துவிட்டு, "இவள் எண்ட மகனைப் பாத்திரிக்காள்" என்று மட்டும் சொன்னார்.

புறப்படும்போது ஹாஜறாவின் கண் முற்றத்தில் நடந்துதிரிந்த தாராக்களில் விழுந்தது.

"நல்ல கொழுத்த சோடி மச்சி. நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்குத் தருவீங்களா?"

"ஓம்!" என்றாள் ஜுனைதா, பூரித்துப்போய்.

அவர்களை ஒழுங்கை முனைவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது, வேலிக்கு மேலால் யாகோப்பின் தலை தெரிந்தது. அரைப் போத்தலின் அரைவாசி கண்ணில் மின்னியது.

"தங்கச்சி, நாளைக்கு நத்தார்ச் சாப்பாட்டுக்கு இறைச்சி தட்டுப்பாடு கண்டியோ. உங்கட அந்தத் தாரா ரெண்டும்...?"

"ஓம் அண்ணன், ஓம்! விடியவே எடுத்துக்கொண்டு போங்க!"